அப்படியே எடுக்கலாம்

நூத்தி எண்பத்தாறு வரைக்கும் வந்தாச்சு. மணி ரெண்டே முக்கால். மொத்தம் முன்னூத்திப் பன்னெண்டு வரி இந்த ஷீட்டுல. ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல ஒரு கட்டம், அதைத் தொட்டா மூணு பதில் விழும். அப்படியே எடுக்கலாம், மாத்தி எடுக்கலாம், எடுக்க முடியாது. நாலாவதா 'எனக்குத் தெரியலை'ன்னு ஒண்ணு வெச்சிருந்தா இவங்களுக்கு என்ன குறைஞ்சா போயிரும்? இத்தனை வருஷமா நாங்க பஞ்சு மில்லுகளுக்கு மிஷின் செஞ்சு கொடுத்துட்டு இருந்தோம், இப்ப திடீர்னு ஆஸ்பத்திரி, ஹோட்டல் துணியெல்லாம் பிழியற பெரிய மிஷின் செய்யப் போறோமாம். எங்க மேனேஜர் குருநாதன் சார் திங்கக்கிழமை கூப்பிட்டு, "ஏன் பூபதி புதுசா எழுதோணும்? பழைய மிஷின்ல ஓடற சாஃப்ட்வேர்ல எதெது ஒத்து வரும்னு பார்த்து எடுத்துப் போடுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் வேணும்"னாரு. செவ்வாக்கிழமை எனக்குப் பொண்ணு பொறந்துச்சு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பொறந்து நாலு நாள்கூட ஆகலை, லீவு சொன்னா தராமலா இருந்திருப்பாங்க, மாமியார்கிட்ட அரை நாள் போயிட்டு வந்துர்றேன்னு சொல்லி ஓடி வந்து உக்காந்திருக்கேன். வேலைக்கு வரலை நான். ஓடித்தான் வந்தேன். அது எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரி சுகன்யாவுக்கும் தெரியும். ஃபேன் சத்தம் கேக்குது. கேன்டீன்ல இருந்து பாத்திரம் கழுவற சத்தம். நூத்தி எண்பத்தேழாவது வரி திரைக்குக் கீழ பாதி தெரியுது, பாதி மறைஞ்சிருக்கு, நான் இன்னும் கீழ தள்ளலை. தள்ளாம இருந்தாலும் அங்கதான் இருக்கும். பேர் என்னன்னு பார்க்காமலே தெரியும். நான் வெச்ச பேர்தானே.

எழிலி வெயிட். இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல ஒரு கோடு போட்டு. அது ஒரு சின்னப் புரோகிராம், முப்பத்தோரு வரி, ஒரே ஒரு வேலைதான் பண்ணும். பஞ்சு சீவற மிஷினுக்குள்ள ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய உருளை சுத்தும், மேலெல்லாம் கம்பிப் பல்லு. கரன்ட்டை நிறுத்தினாலும் உடனே நிக்காது, தன் பாட்டுக்குச் சுத்திட்டே இருக்கும். அது நிக்கற வரைக்கும் கதவைத் திறக்க விடக்கூடாது, திறந்து கையை விட்டா கை இருக்காது. அதுக்குக் காத்திருக்கறதுதான் இந்தப் புரோகிராம். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு மில்லு, அங்கதான் எழுதினேன், ஆறு வருஷம் ஆகப் போகுது. அந்த மாடல்ல வேகம் பார்க்கற சென்ஸாரே வைக்கலை, விலை கூடுதுன்னு விட்டுட்டாங்க, அதனால நான் மிஷின் முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்து, கரன்ட்டை நிறுத்தி நிறுத்தி, செல்போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு, எத்தனை நேரத்துல நிக்குதுன்னு பார்த்தேன். பதினெட்டு தடவை. ஒரு தடவை தொண்ணூத்தி ரெண்டு செகண்டு, ஒரு தடவை தொண்ணூத்தஞ்சு. பதிமூணாவது தடவை ஓடிட்டு இருக்கும்போதுதான் போன் வந்துச்சு, மாமனார் பேசினாரு, "மாப்ள, பொண்ணு பொறந்திருக்குதுங்க, ரெண்டு பேரும் சுகம்"னாரு. உருளை சுத்திட்டு இருக்கு, எனக்குக் கண்ணு நிறைஞ்சு ஒண்ணும் தெரியலை, ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மறந்துட்டேன். அந்தப் பதிமூணாவது கணக்கு வீணாப் போச்சு. பேர் முன்னாலயே முடிவு பண்ணி வெச்சிருந்தோம், பொண்ணுன்னா எழிலி, மேகம்னு அர்த்தம், சுகன்யா எங்கயோ படிச்சுட்டு வந்து சொன்னா. அப்ப புரோகிராமுக்கு ஏதாவது ஒரு பேர் வைக்கணுமே, கை தானா அடிச்சுது. மேல ஒரு குறிப்பும் எழுதினேன், தமிழை இங்கிலீஷ் எழுத்துல, 'அவசரப்படுத்தாத, அவ நிக்கற வரைக்கும் இரு'ன்னு. ரெண்டு நிமிஷம்னு வெச்சேன், நூத்திருபது செகண்டு. சாமி, எவ்வளவு சந்தோஷமா எழுதின வரி அது. ஆபீஸ்ல எல்லாரும் கேலி பண்ணினாங்க. புனேல இருந்து ஆடிட்டுக்கு வந்த ஆளு ஒருத்தர், ழ வராம, "வாட் இஸ் திஸ் எஜிலி?"ன்னு கேட்டாரு, நான் மகள்னு சொன்னேன். அவரு சிரிச்சுட்டு விட்டுட்டாரு. அப்படித் தப்பிச்ச பேரு.

நூத்தி நாப்பது மிஷின்ல ஓடுது அது. யோசிச்சுப் பார்த்தா பைத்தியக்காரத்தனமா இருக்கு, ஆனா ரெண்டு வருஷமா நான் அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன். பல்லடத்துல, திண்டுக்கல்ல, ராஜபாளையத்துல, எங்கயோ ஒரு மில்லுல யாரோ ஒருத்தர் மிஷினை நிறுத்தறாரு, உள்ள என் பொண்ணு பேர் கூப்பிடப்படுது, அவ ரெண்டு நிமிஷம் காவல் நிக்கறா, அப்புறம் கதவு திறக்குது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை. வீட்ல அந்தப் பேரை யாரும் சொல்றதில்ல. நானும் சுகன்யாவும் 'பாப்பா இருந்தப்ப'ன்னு சொல்லுவோம், 'அவளோட ஷெல்ஃப்'னு சொல்லுவோம், பேர் வராது. மில்லுகள்லதான் அவளைக் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. மூணரை வயசு. ஐப்பசி மழை, காய்ச்சல், சாதாரணக் காய்ச்சல்னுதான் நெனச்சோம், மூணாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு, அப்பாடான்னு நான் ஆபீஸ் கெளம்பி வந்துட்டேன். டெங்குல காய்ச்சல் விடறப்பதான் பயப்படணுமாம். அது எனக்கு அப்புறமாத்தான் தெரியும். ஏன்டா தெரியலை உனக்கு, உருளைக்குப் பதினெட்டு தடவை உக்காந்து கணக்கெடுத்தியே, நிறுத்தினதுக்கு அப்புறமும் சுத்தும்னு உனக்குத்தானே தெரியும், கரன்ட்டை நிறுத்தினதுமே கதவைத் திறந்தவன் நீதானே. போதும். இதையே எத்தனை தடவை சுத்தறது. டீ கொண்டு வர்ற அம்மா வந்து வெச்சுட்டுப் போறாங்க, "குட்டி எப்படிங்க சார் இருக்குது?"ன்னு கேக்கறாங்க, நல்லா இருக்குதுங்கன்னேன். சுவீட் எங்கங்கறாங்க. தர்றேன்னேன்.

எல்லாரும் அதேதான் கேக்கறாங்க, எல்லாரும் ஒண்ணேதான் சொல்றாங்க. செவ்வாக்கிழமை நர்ஸ் துணியில சுத்திக் கொண்டு வந்து காட்டினதும் அப்பா கூடப் பொறந்த அத்தை முதல்ல சொன்ன வார்த்தை, "அப்படியே மூத்தவ!" மாமனார், "மூக்கைப் பாருங்க மாப்ள, அப்படியே." பக்கத்துக் கட்டில்காரங்ககூட, விஷயம் கேள்விப்பட்டுட்டு, "அதே கொழந்தைதாங்க திரும்பி வந்திருக்குது, மனசைத் தேத்திக்கோங்க"ன்னாங்க. நானும் பார்த்தேனே, வெக்கமில்லாம. மூத்தவளுக்கு இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம், எள்ளளவு. யாரும் இல்லாதப்போ இவ காதை மடக்கிப் பார்த்தேன். இல்லை. வலது காதையும் பார்த்தேன். பொறந்து ஆறு மணி நேரம் ஆன கொழந்தை, அப்பன் தூக்கிக் கொஞ்சுவான்னு பார்த்திருக்கும், அப்பன் களவு போன சாமானைத் தேடற போலீஸ்காரன் மாதிரி அடையாளம் பார்க்கறான். மச்சம் இல்லைன்னதும் எனக்கு ஒரு கோவம் வந்துச்சு பாருங்க, அந்தப் பச்சைமண்ணு மேல, அதை யார்கிட்டயும் சொல்ல முடியாது. அப்புறம் இன்னிக்குக் காலையில மாமியார். பொறந்த கொழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது, யாராவது போட்டுப் பழகின பழைய துணிதான் போடணும், எங்க பக்கத்து வழக்கம் அது. அக்கம் பக்கத்துல வாங்கிக்கலாம்னு நெனச்சிருந்தேன். அவங்க எங்க வீட்டு பீரோவைத் திறந்து, மூத்தவளோட வாத்து போட்ட அந்த மஞ்சள் சட்டையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்து போட்டு விட்டுட்டாங்க. நல்ல எண்ணத்துலதான். "பாருங்க மாப்ள, அளவெடுத்த மாதிரி இருக்குது"ன்னாங்க. நான் செருப்பை மாட்டினேன். அரை நாள்தாங்க அத்தை, ஒரு லிஸ்ட் முடிக்கணும்னேன். லிஃப்ட்டுக்குக்கூட நிக்கலை, மூணு மாடி படியிறங்கி வந்தேன்.

படியில பாதி வந்ததும் சுகன்யா போன் பண்ணினா. "ஏனுங்க, நர்ஸம்மா ஃபாரம் கொடுத்திருக்காங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ், கார்ப்பரேஷனுக்கு அனுப்பறதுக்கு. பேர் போடோணும்." காலியா விட்டுக் கொடுக்கலாம், பின்னால சேர்த்துக்கலாம்னேன். "தெரியும்ங்க. ஆனா நான் போட்டுர்றேன். நாலு மணிக்கு வந்து வாங்கிக்குவாங்க." என்ன பேர் போடப் போறேன்னு நான் கேக்கலை. அவளே சொன்னா. "எனக்கு வேற பேர் வாய்ல வர மாட்டேங்குதுங்க. நேத்துப் பால் குடுக்கறப்ப ரெண்டு தடவை எழிலின்னே கூப்பிட்டுட்டேன். கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து பார்த்துச்சு." ரெண்டு வருஷத்துக்கப்புறம் அந்தப் பேரை அவ வாயில கேட்டேன். படிக்கட்டுல சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னேன். "நாலு மணிக்குள்ள நீங்க வேற எதாச்சும் சொல்லுங்க, எழுதறேன். இல்லைன்னா அதையே எழுதிர்றேன். எனக்கு அவ வேணும்ங்க"ன்னு வெச்சுட்டா. மணி இப்ப மூணு பத்து.

சரி, தள்ளு. நூத்தி எண்பத்தேழு முழுசாத் தெரியுது. பேர், எழுதினவர் பூபதி, எந்த மிஷின், எத்தனை வரி, எதிர்ல காலிக் கட்டம். அப்படியே எடுக்கலாம்னு போட்டேன்னு வெச்சுக்க, பேர் அப்படியே போகும், இன்னும் ஐநூறு மிஷின், ஆயிரம் மிஷின், ஆஸ்பத்திரி, ஹோட்டல், ரயில்வே, எல்லா ஊர்லயும் அவ காவல் நிப்பா. மாத்தி எடுக்கலாம்னு போட்டா பொது லைப்ரரிக்கு, எல்லா மிஷினுக்குமான புரோகிராம் சேர்த்து வெக்கற இடத்துக்குப் போகும், அங்க எங்க பெனாசிர் ஒரு டூல் எழுதி வெச்சிருக்கா, ஆள் பேரெல்லாம் உருவிப் போட்டுட்டு கதவு ஒண்ணு, கதவு ரெண்டுன்னு நம்பர் குடுத்துரும். எடுக்க முடியாதுன்னா இதோட சரி. பழைய மாடலை அடுத்த வருஷம் நிறுத்தறாங்க, இருக்கற நூத்தி நாப்பதும் ஒண்ணொண்ணா இரும்புக் கடைக்குப் போகும், கடைசி மிஷின் போற அன்னிக்கு அவளைக் கூப்பிட ஆள் இருக்காது. மூணுமே நெஞ்சுல குத்துது, எந்தப் பதிலை நான் போடறது? நெஜமான பதில் எனக்குத் தெரியாதா என்ன. துணி பிழியற டிரம் வேற. நாலு பெட்ஷீட்டோட ஒரு நேரத்துல நிக்கும், நாப்பது ஈர பெட்ஷீட்டோட வேற நேரத்துல நிக்கும், ஒரு பக்கமா ஒதுங்கிட்டா கேக்கவே வேண்டாம், மூணு நிமிஷங்கூட ஓடும். நூத்திருபது செகண்டுல கதவு திறந்தா ஹோட்டல்ல துணி எடுக்கற ஏதோ ஒரு பொண்ணோட கை உள்ள போகும். அதுவும் யாரோ பெத்ததுதான்.

செகண்டைக் கூட்டி வெச்சா? முன்னூறு? நாலு பெட்ஷீட் எடுக்க அஞ்சு நிமிஷம் நிக்கச் சொன்னா ஒரு வாரத்துல லாக்கையே வயரைப் பிடுங்கி விட்டுருவாங்க, நம்ம ஆளுங்களைத் தெரியாதா. அப்ப சென்ஸார் வெச்சு எழுதலாம். வேகத்தைப் பார்த்துத் திறக்கட்டும். ஆனா அது முப்பத்தோரு வரியில ஒரு வரிகூட மிஞ்சாத வேலை. எல்லாம் போயிரும், பேர் மட்டும் நிக்கும். பேர் மட்டும் நிக்கட்டுமே. உள்ள பூராத்தையும் புதுசா எழுதிட்டு மேல அதே பேரை வெச்சு, அப்படியே எடுக்கலாம்னு போட்டா யார் திறந்து பார்க்கப் போறாங்க. ஆமா, வெக்கலாம், ஒண்ணும் ஆகாது, கை பாதுகாப்பா இருக்கும், பேரும் இருக்கும். மவுஸ் அந்தக் கட்டத்து மேலதான் நிக்குது. "பெனாசிர்." பக்கத்து டேபிள்ல இருந்து அவ காதுல இருந்ததைக் கழட்டிட்டு, "சொல்லுங்க சார்." "ஒரு புரோகிராம், உள்ள எல்லாம் மாத்தப் போறேன். பேரை மட்டும் பழசையே வெச்சுக்கலாமா?" எந்தப் புரோகிராம்னு அவ கேக்கலை. அவளுக்குத் தெரியும்னு நெனக்கறேன், சாவுக்கு வந்தவதானே. கழட்டினதை மேஜையில வெச்சா. அப்புறம் மெதுவா, "நான் முன்னால இருந்த கம்பெனியில, மாவு சலிக்கற மிஷின்ல அப்படித்தான் சார் பண்ணினோம். மேல அதே பேரு, உள்ள வேற. அங்க ஒரு ஃபிட்டர் அண்ணன் பேரைப் பார்த்துட்டு, இது பழசுதான், இது எப்படி நடந்துக்கும்னு எனக்குத் தெரியுமேன்னு நம்பி மூடியைத் திறந்தாரு. நல்லவேளை, ஒரு விரல் நகத்தோட போச்சு"ன்னா. "பேர் அதேன்னா, வர்றவங்க அதைத்தான் சார் எதிர்பார்ப்பாங்க. பாவம், உள்ள இருக்கறது வேற எதையோ பண்ணும். தப்பு அது மேல இல்ல." சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டா. அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இருக்கறது தெரிஞ்சுது.

தப்பு அது மேல இல்ல. மாவு மிஷினைத்தான் சொன்னா, எனக்கு எங்கயோ விழுந்துச்சு. மூத்தவ ரசத்துல இருக்கற கொத்தமல்லியைப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வரிசையா வெப்பா. 'ஆபீஸ்'னு சொல்ல வராம 'ஆப்பீச்சு போயிட்டு வா'ம்பா. தூங்கறப்ப என் காது மடலைப் பிடிச்சுட்டுத்தான் தூங்குவா, பிடிக்கலைன்னா தூங்க மாட்டா. இவளை எழிலின்னு கூப்பிட்டா நான் என்ன எதிர்பார்ப்பேன்? தினமும் ரசத்தை ஊத்தி வெச்சு தட்டையே பார்த்துட்டு உக்காந்திருப்பேன். கொத்தமல்லியை முழுங்கினா எனக்குக் கோவம் வரும். காதைப் பிடிக்காம தூங்கினா கோவம் வரும். மூணரை வயசு வரைக்கும் ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்துட்டு வருவேன், அதுக்கப்புறம் ஒரு ஐப்பசி வரும், மழை வரும், ஒரு நாள் உடம்பு சுடும், அன்னிக்கு நான் இந்தக் கொழந்தையைப் பார்ப்பனா, அதைப் பார்ப்பனா. அவளும் பாவம், என்னென்னவோ செஞ்சு பார்ப்பா, ஏன் அப்பன் மூஞ்சி தொங்குதுன்னு புரியாது அவளுக்கு. கடவுளே, இப்பவே செஞ்சுட்டேனே. நாலு நாள் கொழந்தைகிட்ட மச்சம் இல்லைன்னு கோவிச்சுட்டு ஓடி வந்திருக்கேனே. இவளுக்குக் காதுக்குப் பின்னால இல்லைன்னு தெரியும். வேற எங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமா? கண்ணு எப்படி, விரல் எப்படி, பெரிய அழுகையா சின்ன அழுகையா? ஒண்ணும் தெரியாது. நான் பார்க்கவே இல்லை.

மூணே முக்கால். கட்டத்தைத் தொட்டேன். எடுக்க முடியாது. காரணம்னு பக்கத்துல ஒரு இடம் இருக்கு, அதுல எழுதாம விட்டா அடுத்த வரிக்கு விடாது. 'இது ஒரு மிஷினைப் பக்கத்துல உக்காந்து பார்த்து, அதுக்குன்னே எழுதினது. வேற எதுக்கும் ஒத்து வராது. புதுசுக்கு முதல்ல இருந்து பார்த்துத்தான் எழுதணும்.' அடிக்கறப்பவே எழுத்தெல்லாம் கலங்கிப் போச்சு. சேவ் பண்ணினேன். அந்த வரி சிவப்பா மாறுச்சு. கண்ணு, மன்னிச்சுக்கோடா. நூத்தி நாப்பது மிஷின்ல நீ இரு. அது போதும்னு சொல்லலை, எனக்கு எதுவும் போதாது. ஆனா அதுதான் உன் இடம், அங்க வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன்.

போனை எடுத்து வராந்தாவுக்கு வந்தேன். ரெண்டாவது மணியிலயே எடுத்தா. "சொல்லுங்க." பின்னால கொழந்தை அழுதுட்டு இருக்கு. "நர்ஸம்மா வந்துட்டாங்க, பேனாவைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். சொல்லுங்க." சுகன்யா, அந்தப் பேர் வேண்டாம்மா.  அது மூத்தவளோடது கண்ணு, அவளுக்கே இருக்கட்டும்.  "அப்ப நம்ம பொண்ணு வர மாட்டாளாங்க?"ன்னா. ரெண்டு வருஷமா அவ அழுது நான் பார்த்திருக்கேன், ஆனா இப்படிக் கேட்டதில்லை. வர மாட்டா கண்ணு. வராந்தாவுல ஆள் நடமாட்டம் இருக்கு, குருநாதன் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கறாரு, நான் வாய் விட்டு அழறேன். அவளும் அழறா. நடுவுல கொழந்தை, எங்க ரெண்டு பேரையும் விடப் பெரிசா. "போனை அவகிட்ட வை"ன்னேன். "என்னத்துக்குங்க?" "வையி." வெச்சா. கேட்டேன். மூத்தவ அழுகை இழுத்து இழுத்து, ராகம் போடற அழுகை. இது விட்டு விட்டு வருது, மூணு சின்னக் கத்தல், ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரு விக்கல், மறுபடி மூணு. எனக்குத் தெரியாத குரல். நான் வாட்ச்சைப் பார்க்காம நின்னு கேட்டுட்டே இருந்தேன். சுகன்யா போனை வாங்கி, "கேட்டுச்சாங்க?"ன்னா. "இவ வேற மாதிரி அழறா." "ஆமாங்க. பொறந்ததுல இருந்தே இப்படித்தான். நான்தான் சொல்லலை"ன்னா. அப்புறம், "அப்ப இவளுக்கு என்ன பேர் எழுதறதுங்க?" காலியாக் கொடுத்துடு. பக்கத்துல எதாவது கடையில கேட்டு யார் வீட்டுப் பழைய சட்டையாவது வாங்கிட்டு வர்றேன். நான் இன்னும் அவளைப் பார்க்கலை. வந்து பார்த்துட்டுச் சொல்றேன்.